சைக்கிளுக்கு 0.4, ரிக்‌ஷாவுக்கு 1.5: சாலைக் கணக்கும் அதற்கு எதிரான போராட்டமும்

ஒரு சாலை எவ்வளவு போக்குவரத்தைத் தாங்கும் என்று பார்க்கப் பொறியாளர்களுக்கு ஓர் அலகு வேண்டும். நம் ஊர்ச் சாலையில் பேருந்து, லாரி, ஆட்டோ, பைக், சைக்கிள், கைவண்டி எல்லாம் கலந்துதான் போகும். எல்லாவற்றையும் ஒரே வண்டியாக மாற்றினால்தான் கூட்ட முடியும். அந்த ஒரே வண்டி கார். 'பயணிகள் கார் அலகு' என்று இதற்குப் பெயர். நகரச் சாலைகளுக்காக, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு 1990இல் வெளியிட்ட வழிகாட்டியில் கார் 1, சைக்கிள் 0.4, சைக்கிள் ரிக்‌ஷா 1.5. ஒரு சாலையில் அந்த வகை வண்டிகள் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் சைக்கிள் 0.5 ஆகவும் ரிக்‌ஷா 2 ஆகவும் ஏறிவிடும்.

அதாவது இரண்டு பயணிகளை ஏற்றிப் போகும் ஒரு ரிக்‌ஷா, ஆளுக்கு ஒன்றாக ஓட்டிப் போகும் இரண்டு காருக்குச் சமம். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. பேருந்தின் கதியும் அதேதான். படிக்கட்டு வரை ஆள் நின்றாலும் அது 2.2 முதல் 3.7 கார் வரைதான்.

பொறியாளர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சாலையில் ஒரு வண்டி எவ்வளவு இடம் பிடிக்கிறது, பின்னால் வருபவரை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதை அளக்க இது சரியான கருவிதான். ஆனால் யாரைச் சாலையிலிருந்து இறக்கிவிடலாம் என்று முடிவெடுக்கும் கூட்டத்திலும் இதே எண்தான் மேஜைக்கு வருகிறது. அப்போது ரிக்‌ஷாவும் சைக்கிளும் பயணமாகத் தெரிவதில்லை, காருக்கு முன்னால் நிற்கும் தடையாகத்தான் தெரிகின்றன. இந்தியாவில் சைக்கிளுக்கும் ரிக்‌ஷாவுக்கும் ஆதரவான இயக்கம் என்றதும் பலருக்குச் சுற்றுச்சூழல், உடற்பயிற்சி என்றெல்லாம் தோன்றும். அதன் நீதிமன்ற ஆவணங்களையும் கோரிக்கைகளையும் புரட்டிப் பார்த்தால் கதை வேறு. பெரும்பாலும் அது எண்களைப் பற்றிய சண்டை: யாரை எண்ணுகிறார்கள், யாருக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள், யாருக்குப் பணம் ஒதுக்குகிறார்கள்.

கொள்கை என்ற அளவில் அந்த இயக்கம் எப்போதோ ஜெயித்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 2006இல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலை இடத்தை வாகனங்களை வைத்துப் பிரிக்காமல் மனிதர்களை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சைக்கிள் பாதைக்கும் நடைபாதைக்கும் முன்னுரிமை என்கிறது. எண்களும் அதற்குச் சாதகம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் 45 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது, கார் 5 சதவீதத்துக்கும் குறைவு. வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்ற கேள்வியையும் அந்தக் கணக்கெடுப்பு கேட்டது. விவசாயத்திலும் வீட்டுத் தொழிலிலும் இல்லாத தொழிலாளர்களில் நூற்றுக்கு 13 பேர் சைக்கிளில் போனார்கள். ஏறத்தாழ 23 பேர் நடந்தே போனார்கள். கார், ஜீப், வேன் எல்லாம் சேர்த்து 3 பேர்கூட இல்லை.

சரி, எண்ணிக்கை இவ்வளவு, கொள்கையும் பக்கபலம். அப்புறம் ஏன் போராட்டம்?

கொல்கத்தாவைப் பார்ப்போம். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்துக்காக 2008இல் முடிந்த ஆய்வு ஒன்றின்படி அந்த நகரத்தின் பயணங்களில் சைக்கிளின் பங்கு 11 சதவீதம், காரின் பங்கு 8 சதவீதம். அதே 2008இல்தான் அங்கே 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. 2013இல் தடை 174 சாலைகளுக்கு நீண்டது. சைக்கிள் மட்டுமல்ல, மோட்டார் இல்லாத எல்லா வண்டிகளும் அதில் அடக்கம். காரணமாகச் சொன்னது ஒன்றுதான்: மெதுவாகப் போகும் வண்டிகள் போக்குவரத்தின் வேகத்தைக் குறைக்கின்றன.

பட்டியலில் இருந்த சாலைகள் எல்லாம் முக்கியச் சாலைகள். சந்துகளில் போய்க்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அந்தச் சந்துகள் எல்லாம் கடைசியில் முக்கியச் சாலையில்தான் வந்து முட்டும். பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் மீன் வியாபாரியும் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பிடிபட்டால் அபராதம். கையில் காசு இல்லை என்றால் வண்டி போய்விடும். தடை அறிவித்தவுடன் ஊர்வலங்களும் 'சக்கர சத்தியாகிரகம்' போன்ற போராட்டங்களும் நடந்தன. பிறகு சாலைகளின் எண்ணிக்கை 62ஆகக் குறைந்தது. இது வெற்றியா என்று கேட்டால் பாதி வெற்றி. 174ஐ 62 ஆக்கியது போராட்டம். ஆனால் 2008இல் தடை 38 சாலைகளில்தான் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பேரம் பேசத் தெரிந்த எந்த வியாபாரியும் முதலில் விலையை ஏற்றித்தான் சொல்வார்.

டெல்லியில் சண்டை வேறு வடிவம். அங்கே எண் 99,000. அதற்கு மேல் சைக்கிள் ரிக்‌ஷா உரிமம் இல்லை என்று மாநகராட்சி வரம்பு வைத்திருந்தது. உண்மையில் ஓடிய ரிக்‌ஷாக்கள் அதைப்போல் பல மடங்கு. 1960ஆம் ஆண்டுத் துணைவிதிகளில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: ஓட்டுபவரே உரிமையாளராக இருக்க வேண்டும். காகிதத்தில் படித்தால் இது தொழிலாளிக்குச் சாதகமாகத் தெரியும். முதலாளி பத்து வண்டி வைத்துக்கொண்டு ஏழைகளைச் சுரண்டக் கூடாது, உழைப்பவனுக்கே வண்டி என்ற நல்லெண்ணம்.

ஆனால் டெல்லியில் ரிக்‌ஷா மிதிப்பவர்களில் பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பருவத்துக்குப் பருவம் வந்து போகிறவர்கள். அறுவடைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குச் சொந்த வண்டி ஒரு சுமை. போகும்போது எங்கே நிறுத்துவது, யாரிடம் ஒப்படைப்பது? நாள் வாடகைக்கு எடுப்பதுதான் அவர்களுக்கு வசதி. விதி அந்த வாடகையையே சட்டவிரோதமாக்கியது. விளைவு, நகரத்தில் ஓடிய பெரும்பாலான ரிக்‌ஷாக்கள் எந்த நேரமும் பறிமுதல் ஆகலாம், பறிமுதல் ஆனால் உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்படலாம் என்ற நிலை. யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றால் மாமூல் வாங்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? சமூகச் செயல்பாட்டாளர் மது கிஷ்வரின் 'மானுஷி' அமைப்பு இந்த வசூலைப் பல ஆண்டுகள் ஆவணப்படுத்தி, கடைசியில் வழக்குத் தொடுத்தது.

2010 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு மூன்றையும் ரத்து செய்தது: 99,000 வரம்பு, ஓட்டுபவரே உரிமையாளர் என்ற நிபந்தனை, பறிமுதல் செய்து நொறுக்கும் அதிகாரம். மாநகராட்சியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தது. கார்களுக்கு எந்த வரம்பும் இல்லாத ஊரில் ரிக்‌ஷாவுக்கு மட்டும் ஏன் வரம்பு என்ற கேள்விக்கு மாநகராட்சியிடம் நல்ல பதில் இல்லை. நெரிசல்தான் காரணம் என்றால் நெரிசலில் பெரும்பங்கு யாருடையது என்று எண்ண வேண்டும், எண்ணினால் கணக்கு வேறு பக்கம் சாயும்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. மனிதனை மனிதன் இழுப்பதை ஆதரிப்பது முற்போக்கா?

சென்னையில் 1973இல் அன்றைய முதல்வர் மு.கருணாநிதி கை ரிக்‌ஷாவை ஒழித்தார். இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கப்பட்டது. அந்த முடிவை இன்று யாரும் குறை சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. 2005இல் கொல்கத்தாவில் அன்றைய மேற்கு வங்க முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா அதே வாதத்தை வைத்தார். இது மனிதத்தன்மையற்றது, ஒழிக்க வேண்டும் என்றார். 2006இல் சட்டமன்றமும் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. ஆனால் சுமார் 6,000 உரிமம் பெற்ற கை ரிக்‌ஷாக்காரர்களுக்கு அடுத்து என்ன என்பது தெளிவாகவில்லை. புதிய உரிமம் நின்றது, பழைய வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது வேறு எந்த வண்டியும் போகாத தெருக்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போவது அவைதான்.

இரண்டு நகரங்களும் சொன்ன வாதம் ஒன்று. ஒரு நகரம் மாற்று வண்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டது. இன்னொன்று சட்டத்தைக் கொண்டுவந்து, உரிமத்தை நிறுத்திவிட்டு, தானாக அழியட்டும் என்று காத்திருந்தது. தடைக்கு மனிதாபிமானக் காரணம் சொல்லப்படும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது மாற்று என்ன, அது கைக்கு வந்த தேதி என்ன என்பதைத்தான். டாக்காவில் 2002 தொடங்கி மீர்பூர் சாலையில் ரிக்‌ஷாக்களை அகற்றிப் பார்த்தார்கள். பிறகு வந்த ஆய்வு, ரிக்‌ஷாக்காரர்களின் வருமானம் குறைந்ததையும் சாதாரணப் பயணிகளின் செலவு கூடியதையும் காட்டியது. திட்டத்துக்குப் பணம் கொடுத்த உலக வங்கியே இனி இப்படிச் செய்வதானால் பலன் இருப்பதை நிரூபியுங்கள் என்று பின்வாங்கியது. 2019இல் டாக்காவில் மறுபடியும் மூன்று சாலைகளில் தடை, மறுபடியும் மறியல். 2023இல் டாக்காவின் ரிக்‌ஷாவும் அதன் ஓவியமும் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறின! இந்தோனேசியா இன்னும் மோசம். 1980களில் ஜகார்த்தா தன் 'பெச்சாக்' ரிக்‌ஷாக்களைப் பிடித்து ஆயிரக்கணக்கில் கடலில் கொட்டியது.

ரிக்‌ஷாவை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது இயக்கத்தின் நிலைப்பாடு அல்ல, இருக்கவும் கூடாது. பழைய வட இந்திய ரிக்‌ஷாவைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும். எடை சுமார் 80 கிலோ. கியர் கிடையாது. பிரேக் முன்சக்கரத்தில் மட்டும். சிக்னலில் நின்று கிளம்பும்போது பெடலில் எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டு மிதித்தால்தான் நகரும். மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். பல பத்தாண்டுகளாக இந்த வடிவமைப்பில் யாரும் கை வைக்கவே இல்லை. அதே காலத்தில் கார் எத்தனை முறை மாறியது! 1990களின் இறுதியில் ஆக்ராவிலும் டெல்லியிலும் ஏறத்தாழ 30 சதவீதம் எடை குறைந்த, கியர் வைத்த வண்டிகள் வந்தன. அதன் பிறகு குவாஹாட்டியில் பிரதீப் சர்மா தொடங்கிய 'ரிக்‌ஷா வங்கி', ஐஐடி குவாஹாட்டி வடிவமைத்த வண்டியைத் தவணையில் கொடுத்தது. நாள்தோறும் வாடகையாகப் போகும் பணத்தைத் தவணையாக மாற்றினால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் வண்டி சொந்தமாகிவிடும் என்ற எளிய கணக்கு அது. பஞ்சாபின் ஃபாசில்கா என்ற சிறு நகரத்தில் 2008இல் தொலைபேசியில் அழைத்தால் வீட்டு வாசலுக்கு ரிக்‌ஷா வரும் ஏற்பாடு வந்தது. செயலி வழியே டாக்சி கூப்பிடும் பழக்கம் நம் ஊருக்கு வருவதற்கு முந்தைய காலம் அது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சைக்கிள் விஷயத்தில் நம் மாநிலத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம் பிறகு எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கிறோம். ஒரு துறை சைக்கிளைக் கொடுக்கிறது, அது ஓடும் சாலையைப் போடும் துறைக்கு அப்படி ஒரு சைக்கிள் இருப்பதே தெரியாது.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. இந்திய நகரங்களில் இதுதான் முதல் முயற்சி. வழக்கமான கொள்கைகளைப் போல 'ஊக்குவிக்கப்படும்', 'பரிசீலிக்கப்படும்' என்று நிறுத்திக்கொள்ளாமல் ஓர் எண்ணை வைத்தது: மாநகராட்சியின் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். கொள்கையைச் சதவீதமாக மாற்றிய இந்த ஒரு வரிதான் பிரச்சாரகர்களின் பெரிய சாதனை என்பேன். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 100 கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதைகள் அகலமாயின. 2019இல் பாண்டி பஜாரில் பாதசாரிகள் வளாகம் திறந்தது.

கவனித்துப் பாருங்கள், கிடைத்ததில் பெரும்பகுதி நடைபாதை. சைக்கிளுக்குக் கிடைத்தது கொஞ்சம். ஆங்காங்கே போட்ட சைக்கிள் பாதைகளின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் மாதம் பச்சை வண்ணம், இரண்டாம் மாதம் பைக் பார்க்கிங், மூன்றாம் மாதம் இளநீர் வண்டி. இளநீர்க்காரரை நொந்து பயனில்லை, அவரையும் எந்தத் திட்ட வரைபடத்திலும் யாரும் வரையவில்லை.

சைக்கிள் பாதையைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சாலை நடுவில் இடைவெளி இல்லாமல் ஓடும் தடுப்புச் சுவர். சிக்னலை மூடிவிட்டு, நேராகப் போனவரை அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய் 'யூ டர்ன்' எடுத்து வரச் சொல்வது இப்போது எல்லா நகரங்களிலும் வழக்கம். போக வர ஒரு கிலோமீட்டர் கூடுதல். பைக்குக்கு அது இரண்டு நிமிடம்கூட இல்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் மிதிப்பவருக்கு நான்கு நிமிடம், அதுவும் வேகமாகப் பாயும் வண்டிகளுக்கு நடுவே வலப்பக்கம் ஒதுங்கித் திரும்ப வேண்டும். அதனால் இரவுப் பணி முடிந்து வரும் காவலாளி என்ன செய்கிறார்? சாலை ஓரமாக எதிர்த் திசையில் மிதித்து வருகிறார். விபத்து நடந்தால் 'ராங் சைடில் வந்தார்' என்று எழுதிக்கொள்வார்கள். 2022இல் நாட்டில் 32,000க்கும் மேற்பட்ட பாதசாரிகளும் 4,800க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளும் சாலை விபத்துகளில் இறந்தார்கள். இவர்களில் எத்தனை பேரைச் சாலையின் வடிவமைப்பே அந்த இடத்துக்குத் தள்ளியது என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

நெதர்லாந்தைப் பாருங்கள் என்று சொல்வது இத்தகைய கட்டுரைகளின் சம்பிரதாயம். ஒரு விஷயத்துக்காக மட்டும் பார்க்கலாம். அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்ற எண்ணம் தவறு. 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார் வந்து சைக்கிளை ஓரம் கட்டியது. 1971இல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அங்கே போராட வந்தவர்கள் வாக்கும் வசதியும் குரலும் உள்ள நடுத்தர வர்க்கம். இங்கே அப்படி இல்லை.

நம் இயக்கத்தின் பலவீனமும் இங்கேதான். நம் நகரங்களில் சைக்கிள் ஓட்டுபவர்கள் இரண்டு வகை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் ஒரு வகை. வாரத்தில் ஆறு நாள் டிபன் கேரியரை ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. மாநகராட்சி கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் முதல் வகை வரும், இரண்டாம் வகைக்கு அன்று கூலி போய்விடும். அதனால் கோரிக்கைப் பட்டியலில் கடற்கரையோரப் பாதையும் வாடகைச் சைக்கிள் நிலையமும் முதலில் வருகின்றன. தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் தெருவிளக்கு எரிய வேண்டும் என்பது பட்டியலிலேயே இல்லை. முதல் வகையினர் இல்லாமல் இந்தப் பேச்சு அதிகாரிகள் காதில் விழுந்திருக்காது என்பதும் உண்மைதான். இருந்தாலும் டெல்லி வழக்கு ஜெயித்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்டவர்களின் நாள் வருமானமும் மாமூலும் ஆவணமாக நீதிமன்றத்துக்குப் போனதுதான்.

இதற்கிடையே பேட்டரி ரிக்‌ஷா வந்து கதையையே மாற்றிவிட்டது. 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்தது. 2015இல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தி மத்திய அரசு அதை உள்ளே கொண்டுவந்தது. மிதிரிக்‌ஷாவுக்கு ஐம்பது ஆண்டுகளில் கிடைக்காத சட்டத் திருத்தம் இதற்கு ஓராண்டுக்குள் கிடைத்தது. மிதித்தவர்கள் கூட்டம் கூட்டமாக அதற்கு மாறினார்கள். இயக்கத்தில் சிலருக்கு இதில் வருத்தம். மிதிக்காதவர்களுக்குத்தான் அந்த வருத்தம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 80 கிலோ வண்டியில் இரண்டு பேரை ஏற்றி மேட்டில் மிதித்தவருக்கு மோட்டார் ஒரு விடுதலை. அவரிடம் போய்க் கார்பன் கணக்கு பேச முடியாது. பேச வேண்டியது வண்டி நிறுத்துமிடம், மின்னேற்றும் இடம், தவணைக் கடனின் வட்டி ஆகியவற்றைப் பற்றித்தான்.

இப்போது ஆட்டம் நடக்கும் இடம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 138(1ஏ) பிரிவு. மோட்டார் இல்லாத வண்டிகளும் பாதசாரிகளும் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் எப்படிச் செல்லலாம் என்று விதி வகுக்க மாநிலங்களுக்கு அது அதிகாரம் தருகிறது. பெரும்பாலான மாநிலங்கள் கண்டுகொள்ளவே இல்லை. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்குமாறு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

அந்தப் பிரிவு 'ஒழுங்குபடுத்துதல்' என்றுதான் சொல்கிறது. அது இரு பக்கமும் வெட்டும். கொல்கத்தா பாணியில் 174 சாலைகளை மூடவும் அதே அதிகாரம் போதும். ஒரு சாலையைச் சைக்கிளுக்கு மூடினால் எவ்வளவு தூரத்துக்குள் மாற்று வழி இருக்க வேண்டும்; மூடுவதற்கு முன் அந்தச் சாலையில் போகும் சைக்கிள்களையும் ரிக்‌ஷாக்களையும் காலை ஆறு மணி முதல் எண்ணினார்களா; எண்ணும்போது வண்டிகளை எண்ணினார்களா, ஆட்களை எண்ணினார்களா; தடுப்புச் சுவரில் எத்தனை மீட்டருக்கு ஒரு திறப்பு. ஒவ்வொரு மாநிலத்தின் விதி வரைவிலும் முதலில் தேடிப் பார்க்க வேண்டிய வரிகள் இவை. வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது ஆட்சேபம் எழுதச் சில வாரங்கள்தான் கிடைக்கும்.